தொட்டாலும் அணையாத விளக்கு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தொட்டால் எரிந்து, தொட்டால் அணையும் தொடு விளக்கைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கீழே சொல்லும் எந்த வேலைக்கும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, வேலை முடியும்வரை கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மேசை விளக்கு தொடத் தொட மங்கல், நடுத்தரம், பிரகாசம் என்று மாறும். போன வாரம் பல்பு 'பட்'டென்று போனது. புதுப் பல்பு போட்டதிலிருந்து முழு வெளிச்சத்திலேயே எரிகிறது. எங்கே தொட்டாலும் அணையவில்லை. பல்பு பொருந்தவில்லையா?
*வாசகி, ஈசூன்*

பதில்: புதுப் பல்பின்மேல் குற்றமில்லை. பழைய பல்பு போகும்போது துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

டங்ஸ்டன் இழை அறும் கணத்தில் அறுந்த முனைகளுக்கு நடுவே ஒரு தீப்பொறி தாவும். நீங்கள் கேட்ட 'பட்' சத்தம் அதுதான். அந்தக் கண நேரத்தில் பல ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. விளக்கின் அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பல்பை ஏற்றி இறக்குவது டிரையாக் என்ற சிறு பாகம். சாதாரணமாக அதன் தாங்குதிறன் 1 ஆம்பியருக்குள் இருக்கும். பிளக்கில் உள்ள ஃபியூஸ் உருகுவதற்குள் டிரையாக் கருகி, உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அது நிரந்தரமாகத் திறந்த கதவு. தொடுகையை உணரும் சிப் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது 'அணை' என்று சொன்னாலும் கேட்க ஆளில்லை.

உறுதி செய்வது எளிது. பல்பைக் கழற்றுங்கள். அடிப்பாகத்தின் வெல்வெட் துணியை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியும் நான்கு வயர்களும் தெரியும். பெரும்பாலான பெட்டிகளில் கறுப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), வெள்ளை நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்), சிவப்பு பல்புக்குப் போவது, மஞ்சள் விளக்கின் உலோக உடலுக்குப் போவது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் டிரையாக் போய்விட்டது. நல்ல பெட்டி மிக அதிக ஓம் காட்டும்.

பெட்டியை முழுதாக மாற்றுவதே நல்லது. வாங்கும்போது அதன்மேல் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பல அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கானவை. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டி தாங்கும் வாட், பல்பின் வாட்டைவிட அதிகமாக இருக்கட்டும்.

பழைய வயர்களை வெட்டுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின், சுவரிலிருந்து வரும் பழுப்பு வயரைப் பெட்டியின் கறுப்போடும், நீல வயரையும் பல்பின் நியூட்ரல் வயரையும் சேர்த்து வெள்ளையோடும், பல்பின் லைவ் வயரைச் சிவப்போடும், விளக்கின் உலோக உடலை மஞ்சளோடும் இணையுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நம் வயரில் லைவ் என்பது பழுப்பு, பெட்டியில் லைவ் என்பது கறுப்பு. நிறத்தை நிறத்தோடு பொருத்தப் பார்க்காதீர்கள். பெட்டியின் லேபிளில் வேறு நிறங்கள் குறித்திருந்தால் லேபிள் சொல்வதே சரி. திருகு பல்பாக இருந்தால் சிவப்பு வயர் ஹோல்டரின் நடு முனைக்குப் போகவேண்டும், நியூட்ரல் திருகுப் பகுதிக்கு. மாற்றிப் போட்டாலும் விளக்கு எரியும், ஆனால் பல்பைக் கழற்றும் விரல் லைவைத் தொடும்.

ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் டிரையாக்கை மட்டும் மாற்றலாம். பெட்டிக்குள் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். திறக்க முடிந்தால் உள்ளே அநேகமாக மூன்று காலுள்ள சிறு பாகம் ஒன்று இருக்கும். மேக்97ஏ6 (MAC97A6) என்று எழுதியிருந்தால் அதையே தேடவேண்டாம். அது 400 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமே 325. 600 வோல்ட் தாங்கும் மேக்97ஏ8 போடுங்கள். இன்னும் வலுவாக வேண்டுமென்று 4 ஆம்பியர் பிடி136 (BT136) போடுகிறவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். ஒன்று, கால்களின் வரிசை வேறு: டிரையாக்கைத் திறக்கும் 'கேட்' கால் மேக்97-இல் நடுவில், பிடி136-இல் ஓரத்தில். மற்றொன்று, சாதாரண பிடி136-இன் கேட்டைத் திறக்க அந்தச் சிறு சிப்புக்குச் சக்தி போதாமல் போகலாம். எண்ணின் முடிவில் 'டி' (D) அல்லது 'ஈ' (E) எழுத்துள்ள, குறைந்த மின்னோட்டத்தில் திறக்கும் வகையைக் கேளுங்கள். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். அடுத்த தெருவில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில் போய்த் தேடி அலையவேண்டாம்.

கேள்வி: நள்ளிரவில் விளக்கு தானாக எரிகிறது. மாமியார் வேறு காரணம் சொல்கிறார்கள்.
*வாசகி, தோ பாயோ*

பதில்: மாமியாருக்குச் சொல்ல ஒரு விளக்கம் தருகிறோம். நம் உடம்பு ஒரு சிறிய மின்தேக்கி. விரல் பட்டதும் விளக்கின் உலோக உடலில் ஏற்படும் சிறு மாற்றத்தைச் சிப் உணர்கிறது. மின்கம்பியில் திடீரென வரும் ஒரு துள்ளலும் சிப்புக்கு அதே மாதிரிதான் தெரியும். குளிர்சாதனத்தின் கம்ப்ரெசர் கிளம்பும்போது, குளிர்பெட்டி நிற்கும்போது, ஏப்ரல், மே, நவம்பரில் பக்கத்தில் இடி இறங்கும்போது இது நடக்கும்.

முதலில் விளக்கை வேறு சுவர்ப் பிளக்கில், நீட்டிப்புக் கட்டை இல்லாமல் நேரடியாகச் செருகிப் பாருங்கள். ஒரே கட்டையில் மலிவான சார்ஜர் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். விளக்கு இரும்பு மேசைமேலோ, ஜன்னல் கம்பிக்கு ஒட்டியோ இருந்தால் நகர்த்துங்கள். பெரிய உலோகம் பக்கத்தில் இருந்தால் விளக்குக்கு எப்போதும் யாரோ தொட்டுக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். அடியில் மரப் பலகையோ கார்க் தட்டோ போட்டாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

உங்கள் விளக்கில் ஊரிலிருந்து வந்த இரண்டு முனைப் பிளக் இருக்கிறதா? அடாப்டரில் அதைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் தொடுகை கோணல்மாணலாக வேலை செய்யும். திருப்பியதும் சரியானால் மூன்று முனைப் பிளக்கை நிரந்தரமாக, சரியான பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் பெட்டிக்குள் நுழையுமுன் லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் ஏசி என்று குறித்த வேரிஸ்டர் ஒன்றைப் போடலாம். பெரிய துள்ளல்களை அது விழுங்கிக்கொள்ளும். பிளக்கில் ஃபியூஸ் இருப்பது இதற்குக் கட்டாயம், ஏனென்றால் வேரிஸ்டர் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும்.

கேள்வி: எல்இடி பல்பு போட்டால் நடுங்குகிறது. அணைத்தபிறகும் மினுக் மினுக்கென்று மங்கலாக எரிகிறது.
*வாசகர், செங்காங்*

பதில்: டிரையாக் ஒருமுறை திறந்தபின் திறந்தே நிற்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் ஓடவேண்டும். 40 வாட் டங்ஸ்டன் பல்பு 170 மில்லி ஆம்பியருக்குமேல் இழுத்தது. 5 வாட் எல்இடி இழுப்பது 20 முதல் 40தான். டிரையாக் திறப்பதும் மூடுவதுமாகத் தடுமாறுகிறது, அதுவே நடுக்கம். அணைத்தபின் தெரியும் மினுக்கல், பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி வழியே கசியும் துளி மின்சாரம். டங்ஸ்டனைச் சூடாக்க அது போதாது, எல்இடிக்குப் போதும்.

அட்டையில் 'டிம்மபிள்' என்று எழுதிய எல்இடியை வாங்குங்கள். அப்படி எழுதாத பல்பு இந்த விளக்கில் நடுங்குவதோடு சீக்கிரம் போய்விடும். டிம்மபிள் பல்பும் ஒரு பெட்டியோடு ஒத்துப்போய் இன்னொன்றோடு முரண்டுபிடிக்கலாம், அதனால் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். இரண்டு மூன்று பல்பு உள்ள விளக்கானால் ஒன்றை மட்டும் 25 வாட் டங்ஸ்டனாக விட்டுவைத்தால் போதும், மற்றவை அமைதியாக எரியும். வைஃபை பல்பை இதில் போடவே போடாதீர்கள். அதற்கு எப்போதும் முழு மின்சாரம் வேண்டும்.

கேள்வி: இந்தத் தொடு வேலையே வேண்டாம். சாதாரண சுவிட்ச் போட்டு மாற்ற முடியுமா? விளக்கின் உடல் முழுக்க உலோகம்.
*வாசகர், புக்கிட் பாத்தோக்*

பதில்: முடியும். ஆனால் 'பெட்டியைப் பிடுங்கு, இரண்டு வயரை முறுக்கு' என்று காணொளிகளில் காட்டுவதோடு வேலை முடிவதில்லை.

தொடு விளக்கின் உலோக உடலுக்கு எர்த் கிடையாது. எர்த் கொடுத்தால் தொடுகையே வேலை செய்யாது என்பதால் தொழிற்சாலையே கொடுப்பதில்லை. அதனால்தான் அதில் இரண்டு இழை வயர் மட்டும் வருகிறது. தொடு பெட்டியை எடுத்ததும் அந்தக் காரணம் போய்விடுகிறது, ஆனால் எர்த் இல்லாத உலோகம் அப்படியே நிற்கிறது. நாளை ஹோல்டருக்குள் வயரின் உறை உரிந்து உடலில் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மின்கசிவைக் கண்டால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருந்தாலும், யாராவது தொட்டு அவர் உடம்பு வழியே மின்சாரம் ஓடிய பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால் யாரும் தொடுமுன்பே விழுந்துவிடும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்புள்ள விளக்கு. அதற்கு எர்த் சேர்க்கவேண்டாம். உள்ளே வயர்கள்மேல் போட்டிருக்கும் கூடுதல் குழல்களை ஒன்றையும் கழற்றாமல் இரண்டு இழை வயரிலேயே சுவிட்ச் போடலாம். குறி இல்லையென்றால் மூன்று இழைக்கு மாறுங்கள்.

வாங்கவேண்டியவை: 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று இழை வயர் 2 மீட்டர், மூன்று முனைப் பிளக், 3 ஆம்பியர் ஃபியூஸ், வயரில் கோக்கும் சுவிட்ச், வளைய முனை ஒன்று, பல் வாஷர் ஒன்று, வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம், வயரை இழுத்தாலும் நகராமல் பிடிக்கும் பிடிப்பான். பிளக் 'சேஃப்டி மார்க்' என்ற பாதுகாப்பு முத்திரை உள்ளதாக இருக்கட்டும். சுவிட்சில் ஏமாறாதீர்கள்: கடையில் தொங்கும் சிறிய வயர் சுவிட்சுகளில் பல, இரண்டு இழைக்கு மட்டுமே. அவற்றுக்குள் எர்த் வயரை அறுக்காமல் கடத்த இடமிருக்காது. மூன்று இழைக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டியையும் மஞ்சள் வயரையும் முழுவதும் அகற்றிவிடுங்கள். மஞ்சளை எர்த்தென்று நினைத்து எதனோடும் சேர்க்காதீர்கள். அடிப்பாகத்தின் உள்பக்கம் ஓரிடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளபளக்கச் செய்யுங்கள். எர்த்துக்கான பச்சை-மஞ்சள் வயரை வளைய முனையில் அழுத்தி, பல் வாஷரோடு அங்கே போல்ட் போட்டு இறுக்குங்கள். இந்த வயர் மற்ற இரண்டையும்விட இரண்டு விரற்கடை நீளமாக இருக்கட்டும். வயரை யாராவது வெடுக்கென்று இழுத்தாலும் கடைசியாகப் பிய்வது எர்த்தாக இருக்கவேண்டும். ஹோல்டர் உலோகமென்றால் அதற்கும் எர்த் போகவேண்டும். மடங்கும் கை உள்ள விளக்குகளில் மூட்டில் பெயின்ட் பூசியிருப்பதால் மேல்பகுதிக்கு எர்த் போகாமல் நின்றுவிடும், அங்கே தனி வயர் தேவை.

சுவிட்ச் பழுப்பு வயரைத்தான் அறுக்கவேண்டும், நீலத்தை அல்ல. பிளக்கைத் திறந்து, முனைகள் உங்களுக்கு எதிர்ப்புறம் நோக்கி இருக்கப் பிடித்தால், மேலே எர்த், வலப்பக்கம் ஃபியூஸை ஒட்டி லைவ், இடப்பக்கம் நியூட்ரல். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். மேசை விளக்கின் மெல்லிய வயருக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் காவல் ஆகாது.

செருகுமுன் மல்டிமீட்டரால் இரண்டு சோதனை. பிளக்கின் எர்த் முனைக்கும் உடலின் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் நடுவே அரை ஓமுக்குள் காட்டவேண்டும். சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, லைவ் முனைக்கும் உடலுக்கும் நடுவே அளந்தால் மீட்டர் எதையும் காட்டக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் செருகவேண்டாம்.

சுவரில் பதித்த தொடு விளக்காக இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள். வீட்டின் நிலையான வயரிங்கில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்னியலாளர்தான் வரவேண்டும்.

கேள்வி: தொட்டால் நான்கைந்து முறைக்கு ஒருமுறைதான் கேட்கிறது. உணர்வைக் கூட்ட வழி உண்டா?
*வாசகி, பிடோக்*

பதில்: மஞ்சள் வயர் உடலில் சேரும் திருகைப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அங்கே பச்சைக் களிம்பு படிந்திருக்கும். தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் போதும். விளக்குக்கு அண்மையில் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், பெயின்ட்டின்மேல் தொடுவது பிரச்சினையில்லை. திருகுமரைக்குள் புகுந்த பெயின்ட்தான் ஒரு துண்டை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடுகிறது. அப்போது அடிப்பாகம் மட்டும் கேட்கும், தண்டு கேட்காது.

திருகு சுத்தமாக இருந்தும் பழைய விளக்கு மந்தமானால் பெட்டிக்குள் 'எக்ஸ்2' என்று குறித்த செவ்வக மின்தேக்கி தேய்ந்திருக்கலாம். சிப்புக்கு மின்சாரம் குறைத்துக் கொடுப்பது பல பெட்டிகளில் அதுதான். அதே மதிப்பில், அதே எக்ஸ்2 வகையில் மாற்றவேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மஞ்சள் வயர் சிப்பை அடையும் வழியில் இரண்டு சிறு மின்தேக்கிகளோ அதிக மதிப்புள்ள மின்தடைகளோ வரிசையாக இருக்கும். உங்கள் விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே இருப்பது அவை மட்டுமே. 'உணர்வு கூடும்' என்று அவற்றில் ஒன்றைத் தாண்டி நேராக வயரை இணைப்பது உயிரோடு விளையாட்டு.

கேள்வி: டைமரில் மாட்டினேன். மாலை ஏழுக்கு டைமர் ஆன் ஆகிறது, விளக்கு எரியவில்லை.
*வாசகர், ஜூரோங் வெஸ்ட்*

பதில்: மின்சாரம் போய்த் திரும்பினால் இந்தச் சிப்புகள் 'அணை' நிலையில்தான் விழிக்கும். டைமரோ ஸ்மார்ட் பிளக்கோ வேண்டுமென்றால் தொடு பெட்டியை எடுத்துவிட்டு, மேலே புக்கிட் பாத்தோக் வாசகருக்குச் சொன்ன மாற்றத்தைச் செய்யுங்கள்.

கேள்வி: சாமி அறையில் உள்ள ஐந்து முகப் பித்தளைக் குத்துவிளக்கை, தொட்டால் எரியும்படி செய்ய ஆசை. எண்ணெய் விளக்கு தனியாக இருக்கிறது, இது அலங்காரத்துக்கு.
*வாசகி, உட்லண்ட்ஸ்*

பதில்: அழகான யோசனை. 230 வோல்ட் பெட்டியை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுவராமல், 5 வோல்ட்டில் செய்யுங்கள்.

டிடிபி223 (TTP223) என்ற சிப் வைத்த, நகம் அளவுத் தொடு பலகை ஒன்று போதும். 2 முதல் 5.5 வோல்ட்வரை வேலை செய்யும். அதன் பின்பக்கம் 'ஏ', 'பி' என்று இரண்டு இணைப்புப் புள்ளிகள் இருக்கும். 'பி'யை மட்டும் பற்றவைத்து இணைத்தால் ஒரு தொடுகையில் எரிந்து மறு தொடுகையில் அணையும். இணைக்காவிட்டால் விரல் இருக்கும்வரைதான் எரியும்.

முகத்துக்கு ஒன்றாக ஐந்து மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 150 ஓம் மின்தடை. ஒவ்வொன்றிலும் சுமார் 13 மில்லி ஆம்பியர், ஐந்தும் சேர்ந்து 65. இந்தச் சுமையைத் தொடு பலகை நேரடியாகத் தாங்காது. அதன் வெளியீட்டை 2.2 கிலோ ஓம் வழியாக 2என்2222 டிரான்சிஸ்டரின் 'பேஸ்' காலில் கொடுங்கள். 'எமிட்டர்' கால் தரைக்கு (5 வோல்ட்டின் நெகட்டிவ் வயர்), 'கலெக்டர்' கால் ஐந்து எல்இடியின் நெகட்டிவ் முனைகளுக்கு. மின்தடைகளின் மறுமுனை 5 வோல்ட்டுக்கு. எல்இடியின் கால்களும் வயர்களும் பித்தளையில் படாமல் சுருங்கு குழல் போடுங்கள்.

தொடு தகட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரை விளக்கின் உடலில் இணைத்தால் குத்துவிளக்கு முழுவதும் தொடுபரப்பாகிவிடும். பிரச்சினை அங்கேதான் தொடங்கும்: இவ்வளவு பித்தளையை அந்தச் சிப் எதிர்பார்க்கவில்லை. கை கிட்டே போனாலே எரிந்தால், உணர்வைக் குறைக்கப் பலகையில் காலியாக விட்டிருக்கும் இடத்தில் சிறு மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். 10 பிகோஃபாரடில் தொடங்கி 50 வரை ஏற்றிப் பாருங்கள். மதிப்பு கூடக்கூட உணர்வு மந்தமாகும். எரிவதும் அணைவதுமாக இருந்தால் உடலை விட்டுவிட்டு, அடித்தட்டில் ஒட்டிய ஒரு காசு அளவுத் தகட்டை மட்டும் தொடுபரப்பாக்குங்கள். அந்தத் தகட்டுக்கும் பித்தளைக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் இருக்கவேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் கணத்தில் விளக்கைத் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த அரை நொடியில் சிப், 'யாரும் தொடாத நிலை இதுதான்' என்று அளவெடுத்துக்கொள்கிறது. சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான சார்ஜரின் கசிவால் பித்தளையைத் தொட்டால் விரல் சுரீரென்னும், விளக்கும் தன்னிச்சையாக ஆடும். பவர் பேங்க் போடலாமே என்று தோன்றும். ஆனால் 65 மில்லி ஆம்பியரைப் பார்த்து 'எதுவும் மாட்டவில்லை' என்று முடிவுகட்டிப் பல பவர் பேங்குகள் சில நொடிகளில் தூங்கிவிடும். பூசையின் நடுவே அணையும் விளக்கை வீட்டில் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

கேள்வி: யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் தொடு விளக்கு. தொட்டால் சத்தமே இல்லை, ஆனால் சார்ஜ் விளக்கு எரிகிறது.
*வாசகர், பொங்கோல்*

பதில்: தொடுபரப்பின் பின்னால் ஒரு சிறு சுருள் கம்பியோ செப்புத்தாளோ பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீழே விழுந்த விளக்குகளில் அது விலகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மறுபடி பொருத்தி ஒட்டுங்கள். திறக்கும்போது பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், விளக்கையும் சார்ஜ் செய்யவேண்டாம். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) குப்பைச் சரிவுக்குழாயில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஆளிடம் 'உப்பிய பேட்டரி' என்று சொல்லிக் கொடுங்கள்.